சென்னையில் புதுக் குடித்தனமா? எந்தப் பொருளை எங்கே வாங்கினால் மளிகைச் செலவு குறையும்

சென்னைக்குக் குடிவருபவர்கள் முதலில் கேட்பது, "இங்கே மலிவான கடை எது?" என்பதுதான். எல்லாப் பொருளும் மலிவாகக் கிடைக்கும் கடை ஊரில் ஒன்றுகூடக் கிடையாது. அரிசிக்கு ஒரு கடை, எண்ணெய்க்கு ஒரு கடை, சோப்புக்கு ஒரு கடை, கீரைக்குத் தெருமுனை என்று ஒருமுறை பிரித்து வைத்துக்கொண்டால் மாதாமாதம் காசு மிஞ்சும். கணவன், மனைவி, பெரியவர்கள், ஒரு குழந்தை இருக்கும் வாடகை வீட்டை மனத்தில் வைத்தே கீழே சொல்லியிருக்கிறோம். தனியாக இருப்பவர்கள் அளவை மட்டும் குறைத்துக்கொள்ளலாம்.

1. முதல் வாரமே ரேஷன் கார்டு வேலையைத் தொடங்குங்கள்

மற்ற எல்லாவற்றையும் நாளைக்கே செய்துவிடலாம். இது மட்டும் மாதக்கணக்கில் இழுக்கக்கூடியது. அதனால் பால் காய்ச்சிய கையோடு இதை ஆரம்பியுங்கள்.

அரிசி அட்டைக்காரர்களுக்கு நியாயவிலைக் கடையில் பொதுவாக மாதம் 20 கிலோ வரை அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. மிகவும் ஏழைக் குடும்பங்களுக்குத் தரும் அந்தியோதயா அட்டைக்கு 35 கிலோ. இதோடு துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். சர்க்கரை தலைக்கு அரை கிலோ, குடும்பத்துக்கு 2 கிலோ வரை. அரிசி அளவிலேயே ஒரு பகுதியைக் கோதுமையாகவும் வாங்கிக்கொள்ளலாம். வெளியே துவரம்பருப்பு கிலோ நூறு ரூபாயைத் தாண்டியே விற்கிறது. இந்த ஒரு கிலோ வித்தியாசமே கடைக்குப் போய்வரும் அலைச்சலுக்கு ஈடு.

ஏற்கெனவே சொந்த ஊரில் கார்டு இருந்தால் புதிது கேட்காதீர்கள். பொது விநியோகத் திட்ட இணையதளத்தில் முகவரி மாற்றத்துக்கு விண்ணப்பித்தால் போதும். சென்னை முகவரிக்குச் சான்றாக வாடகை ஒப்பந்தம், கேஸ் ரசீது, வங்கிப் பாஸ்புக் போன்றவற்றில் ஒன்று வேண்டும். மாற்றம் வரும்வரை பொருள் வாங்காமல் இருக்க வேண்டியதில்லை. 2020 அக்டோபர் முதல் தமிழக அட்டையை வைத்து மாநிலத்தின் எந்த நியாயவிலைக் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம். ஆனால் கடைக்காரர் தன் கடை அட்டைகளுக்குக் கொடுத்த பிறகுதான் வெளி அட்டைக்குத் தருவார். மாதத் தொடக்கத்தில் போய் நிற்பதைவிட நடுவில் போவது நல்லது. வேறு மாநிலத்திலிருந்து வந்தவர்களுக்கு, அங்குள்ள அட்டை தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதாக இருந்தால் மத்திய அரசின் தானிய ஒதுக்கீடு மட்டும் இங்கே கிடைக்கும். பருப்பும் பாமாயிலும் தமிழக அட்டைக்கு மட்டுமே.

புதுக் கார்டு கேட்பவர்கள் எடுத்து வைக்க வேண்டியவை: குடும்பத்தில் எல்லோருடைய ஆதார், குடும்பத் தலைவரின் புகைப்படம், முகவரிச் சான்று, கேஸ் இணைப்பு விவரம், கையிலிருக்கும் செல்போன் எண். புதுமணத் தம்பதிக்கு இவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. இருவரின் பெயரும் அவரவர் பெற்றோர் அட்டையிலிருந்து நீங்கியிருக்க வேண்டும். விண்ணப்பம் தள்ளுபடியாக அதிகம் காரணமாவது இதுதான். பெயர் நீக்கம் முடிந்ததா என்று இணையதளத்தில் பார்த்த பிறகே புது விண்ணப்பத்தை அனுப்புங்கள்.

மூன்று இடங்களில் கவனம் தேவை. ஒன்று, விண்ணப்பத்தில் அட்டை வகை கேட்கும்போது அரிசி அட்டை, சர்க்கரை அட்டை, எப்பொருளும் இல்லா அட்டை என்று வரும். முகவரிச் சான்றுக்குத்தானே என்று கடைசியைத் தொட்டுவிட்டால் பிறகு அரிசி அட்டையாக மாற்றுவது பெரும்பாடு. இரண்டு, வீட்டுக்கு ஆய்வுக்கு வருபவர்கள் தனிச் சமையல் நடக்கிறதா என்று பார்ப்பார்கள். கேஸ் இணைப்பு உங்கள் பெயரில் இந்த முகவரிக்கு வந்திருந்தால் கேள்வி குறையும். ஆகவே கேஸ் மாற்றத்தை முதலில் முடியுங்கள். மூன்று, பில் போட்டதும் செல்போனுக்குக் குறுஞ்செய்தி வரும். வாங்காத பொருள் அதில் இருந்தால் அங்கேயே கேளுங்கள். சரியான பதில் கிடைக்காவிட்டால் 1967 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

வீட்டில் வயது முதிர்ந்தவர்கள் மட்டும் இருக்கிறார்கள் என்றால், 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் பொருள் வாசலுக்கே வரும். கடையில் கேட்டுப் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ரேஷன் அரிசியைச் சோற்றுக்குப் பிடிக்காதவர்கள் இட்லி மாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாலு பங்கு புழுங்கல் அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று அரைத்தால் இட்லி நன்றாகவே வரும், தனியாக இட்லி அரிசி வாங்கும் செலவும் மிச்சம். அரிசியில் சற்று மஞ்சளான, வழவழப்பான மணிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறியாதீர்கள். அது இரும்புச்சத்தும் வைட்டமினும் சேர்த்த செறிவூட்டப்பட்ட மணி. நூறுக்கு ஒன்று என்ற கணக்கில் கலப்பார்கள்.

2. விலையை ஒப்பிடும் முன் அளவைச் சமமாக்குங்கள்

மளிகையில் ஏமாறுவது பெரும்பாலும் விலையில் இல்லை, அளவில்தான்.

எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். ஒரு கடையில் லிட்டர் 150 ரூபாய், இன்னொரு கடையில் கிலோ 155 ரூபாய் என்றால் இரண்டாவதுதான் மலிவு. முதலாவது கிலோவுக்கு ஏறக்குறைய 165 ஆகிவிடுகிறது. பாக்கெட்டுகளிலும் லிட்டர் பாக்கெட் போலவே தோற்றமளிக்கும் 850 மில்லி, 800 கிராம் பாக்கெட்டுகள் உண்டு.

அரிசி மூட்டை 26 கிலோவில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். 25 கிலோ வரை பாக்கெட் செய்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 2022 ஜூலை முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. அதைத் தாண்டினால் இல்லை. அதனால்தான் அந்த ஒரு கிலோ கூடுதல். 26 கிலோ மூட்டை 1,560, பக்கத்தில் 25 கிலோ மூட்டை 1,525 என்றால், பார்வைக்கு இரண்டாவது குறைவு. வகுத்துப் பார்த்தால் முதலாவது கிலோ 60, இரண்டாவது 61. இதே காரணத்தால் சாக்கிலிருந்து அள்ளிக் கட்டித்தரும் லூஸ் பருப்புக்கு வரி கிடையாது. தரம் ஒன்றாக இருந்தால் லூஸே லாபம்.

புளியில் கணக்கு வேறு மாதிரி. கொட்டையுள்ள புளியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கொட்டை. கொட்டைப் புளி கிலோ 120 என்றால் நீங்கள் கரைக்கும் புளி கிலோ 180-க்கு வந்து நிற்கிறது. கொட்டை நீக்கியது 170-க்குக் கிடைத்தால் யோசிக்காமல் அதை எடுங்கள்.

பாக்கெட்டில் அதிகபட்ச விலைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு கிராமுக்கோ ஒரு மில்லிக்கோ என்ன விலை என்று அச்சிட்டிருப்பார்கள். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் தள்ளுபடியை விட்டுவிட்டு அதைப் பாருங்கள். பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்று நினைக்க வேண்டாம். ஷாம்பூவில் பல பிராண்டுகளுக்கு பாட்டிலைவிடச் சாஷே சரம்தான் மில்லிக்குக் குறைவு.

3. அரிசி, பருப்பு, மசாலாச் சாமான்

அரிசியை மூட்டையாக வாங்கும் முன் அதே ரகத்தில் இரண்டு கிலோ வாங்கி ஒரு வாரம் சமைத்துப் பாருங்கள். புது அரிசி குழையும், சோறு காணாது. பழைய அரிசி தண்ணீர் இழுத்துப் பொங்கும். கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் கூடுதலாகப் போனாலும் ஓர் ஆழாக்கு குறைத்து உலையில் போடலாம். கடைக்காரரிடம் "எத்தனை மாசப் பழசு?" என்றே கேளுங்கள். மூன்று நான்கு வீடுகள் சேர்ந்து வாங்குவதாக இருந்தால் செங்குன்றத்து அரிசி மண்டிகளுக்குப் போகலாம். ஒரு மூட்டைக்காக அங்கே போனால் வண்டிக் கூலி லாபத்தைத் தின்றுவிடும்.

மிளகு, சீரகம், ஏலக்காய், கிராம்பு, முந்திரி, திராட்சை இவற்றுக்குப் பாரிமுனைப் பக்கம் கோவிந்தப்ப நாயக்கன் தெரு. உயர் நீதிமன்ற மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போனால் போதும், எடை குறைவு, விலை அதிகம் என்பதால் பையில் தூக்கி வந்துவிடக்கூடிய சாமான்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை. வார நாளில் காலை 11 மணிவாக்கில் போனால் கடை முழுக்கத் திறந்திருக்கும், மூட்டை தூக்குபவர்களின் நெரிசலும் மாலை அளவுக்கு இருக்காது. முதல் கடையிலேயே வாங்காமல் மூன்று கடையில் விலை கேளுங்கள். கால் கிலோவுக்கு ஒரு விலை, ஒரு கிலோவுக்கு ஒரு விலை என்று சொல்வார்கள். பாயசத்துக்கும் குருமாவுக்கும் முழு முந்திரி எதற்கு? உடைத்தது வாங்குங்கள், ருசியில் வித்தியாசமில்லை. மிளகில் நாலைந்தைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நல்ல கனத்த மிளகு மூழ்கும். பப்பாளி விதையும் பொக்கும் மிதக்கும்.

துவரம்பருப்பு, உளுந்து, கடலைப்பருப்புக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். கூட்டுறவு அங்காடிகள், சென்னையில் குறிப்பாகத் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தின் காமதேனு கடைகள், பருப்பு விலை ஏறும் நாட்களில் கைகொடுக்கும். மற்ற நாட்களில் அண்ணாச்சி கடை விலையோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

4. காய்கறி: கோயம்பேடு எல்லோருக்கும் அல்ல

கோயம்பேடு என்றால் மலிவு என்று எல்லோரும் சொல்வார்கள். விலை குறைவுதான். ஆனால் கணக்கைப் போட்டுவிட்டுப் புறப்படுங்கள். பத்து கிலோ காய்கறியில் கிலோவுக்கு 15 ரூபாய் மிஞ்சினால் மொத்தம் 150. போகவர ஆட்டோவுக்கு 300 கொடுத்தால் கைநஷ்டம். வாங்கியதில் ஒரு கிலோ அழுகினாலும் மிச்சம் சுருங்கிவிடும். லாபம் வருவது மூன்று பேருக்கு: பேருந்திலோ இருசக்கர வண்டியிலோ போகக்கூடிய தூரத்தில் இருப்பவர்கள், பக்கத்து வீட்டாரோடு பங்கு போட்டு வாங்குபவர்கள், வீட்டில் விசேஷம் வைத்திருப்பவர்கள். பெண்களுக்கு மாநகரச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 முதல் பயணம் இலவசம். பையின் அளவோடு நின்றுகொண்டால் பயணச் செலவே இல்லை.

லாரிகள் இரவில் வந்து இறங்கும். விடியுமுன் நடப்பது மொத்த வியாபாரம். வெங்காயம் மூட்டைக் கணக்கு, தக்காளி பெட்டிக் கணக்கு. வீட்டுக்கு வாங்குபவர்கள் காலை 5 மணியிலிருந்து 7:30-க்குள் போய் சில்லறைக்குத் தரும் வரிசைகளில் வாங்கலாம். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், பெரிய வெங்காயம், உருளை, தேங்காய் போன்ற தாங்கும் காய்களை மட்டும் இங்கே எடுங்கள். கீரை, வெண்டை, கொத்தமல்லியைத் தெருவில் வாங்குங்கள். பெட்டியாக வாங்கினால் மேலடுக்கை நம்பாமல் அடியில் கைவிட்டு இரண்டை எடுத்துப் பாருங்கள். தராசு வைக்குமுன் பூஜ்யம் காட்டுகிறதா என்று ஒரு பார்வை போதும்.

நாளும் முக்கியம். முகூர்த்த நாளுக்கு முந்தின தினம் தேங்காய், வாழையிலை, பீன்ஸ் எல்லாம் ஏறும். காலண்டரில் முகூர்த்தம் முடிந்த மறுநாளைக் குறித்துக்கொள்ளுங்கள். சென்னைக்குத் தக்காளி ஆந்திராவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் வருகிறது. அங்கே அடைமழை என்று செய்தி கேட்டால் இரண்டொரு நாளில் இங்கே விலை எகிறும். அந்த வாரம் புளியை வைத்து ஓட்டிக்கொள்ளலாம்.

பல்லாவரம், நங்கநல்லூர், அம்பத்தூர் போன்ற இடங்களில் இருப்பவர்களுக்கு உழவர் சந்தை நல்ல வழி. அங்கே விலையை விவசாயி தன் இஷ்டத்துக்குச் சொல்வதில்லை. மொத்த விலைக்குச் சுமார் 20 சதவீதம் மேலே, சில்லறை விலைக்கு 15 சதவீதம் கீழே என்று அதிகாரிகள் தினமும் காலையில் நிர்ணயித்துப் பலகையில் எழுதுவார்கள். பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். காலை எட்டு மணிக்குமேல் நல்ல சரக்கு கரைந்துவிடும். கூட்டுறவுத் துறையின் பண்ணை பசுமைக் கடை பக்கத்தில் இருந்தால், வெங்காயம் தக்காளி விலை உச்சத்தில் இருக்கும்போது அங்கே எட்டிப் பாருங்கள். அந்த நாட்களில்தான் அதன் அருமை தெரியும்.

தள்ளுவண்டிக்காரரை விட்டுவிடாதீர்கள். விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் கால் கிலோவாக வாங்கலாம், வீணாவதில்லை, கொசுறாகக் கறிவேப்பிலை வந்துவிடும். இரண்டு பேர் மட்டும் உள்ள வீட்டுக்குப் பல மாதங்களில் இதுவே சிக்கனம்.

5. பால், முட்டை, மீன்

ஆவின் பாலுக்கு மாத அட்டை போடுங்கள். ஆரஞ்சுப் பாக்கெட் 2022 நவம்பரில் லிட்டர் 60 ரூபாயாக உயர்ந்தபோதும் அட்டைக்காரர்களுக்கு 46 ரூபாயாகவே வைத்திருந்தார்கள். தினம் ஒரு லிட்டர் வாங்கும் வீட்டுக்கு அந்த வித்தியாசம் மாதம் 420 ரூபாய். மற்ற நிறங்களுக்குச் சலுகை குறைவு. அட்டைக்கு முகவரிச் சான்று வேண்டும், பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். அட்டையின் காலம் மாதத்தின் முதல் தேதியில் தொடங்குவதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். புதுப்பிக்கும் கடைசி நாளை டிப்போவில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காபிக்கும் தயிருக்கும் 6 சதவீதக் கொழுப்புள்ள ஆரஞ்சு தேவையா, 3 சதவீத நீலம் போதுமா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். பல வீடுகளில் காபிக்கு ஆரஞ்சு, உறை ஊற்ற நீலம் என்று பிரித்து வாங்குகிறார்கள்.

முட்டைக்கு முட்டை ஒருங்கிணைப்புக் குழு தினமும் விலை அறிவிக்கிறது. செய்தியில் வரும் நாமக்கல் விலை பண்ணை விலை. சென்னை விலை அதைவிடக் கொஞ்சம் கூடும். முட்டை மொத்தக் கடையில் 30 முட்டை அட்டையாக வாங்கினால் இந்த விலைக்குப் பக்கத்தில் கிடைக்கும். ஆறு முட்டை டப்பாவில் அட்டைப் பெட்டிக்கும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள்.

மீன் வாங்குபவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்தாலே பாதி வேலை முடிந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, விலை ஏறிவிடும். அந்த இரண்டு மாதமும் ஏரி மீன், கருவாடு, முட்டை என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

6. சூப்பர்மார்க்கெட்டும் ஆப்பும்

சோப்பு, துணிப்பவுடர், பேஸ்ட், டீத்தூள், பிஸ்கட், ஓட்ஸ் போன்ற பிராண்டு சாமான்களுக்கு அதிகபட்ச விலைக்குக் கீழே தரும் பெரிய சூப்பர்மார்க்கெட்தான் சரி. மாதம் ஒருமுறை லிஸ்ட்டோடு போங்கள், பை கொண்டு போங்கள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் காலாவதித் தேதியைப் பாருங்கள். அங்கே பருப்பும் காய்கறியும் கண்ணில் படும்படி அடுக்கியிருப்பார்கள். உங்கள் பகுதி விலை தெரிந்த பிறகே கை வையுங்கள்.

பத்து நிமிடத்தில் கொண்டுவரும் ஆப்பில் பொருளின் விலை குறைவாக இருக்கலாம். கடைசித் திரையில் டெலிவரி, ஹேண்ட்லிங், சிறு ஆர்டர் என்று வரிசையாகச் சேரும். பணம் கட்டுமுன் அந்த வரிகளைக் கூட்டிப் பாருங்கள். காய்கறியில் 450 முதல் 500 கிராம் என்று போட்டிருந்தால் 450 என்றே கணக்கு வையுங்கள். அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், பழக்கமாக்க வேண்டாம்.

7. அண்ணாச்சி கடையோடு நல்ல உறவு

எத்தனை கடை பிரித்தாலும் தெருவில் ஒரு மளிகைக் கடை வேண்டும். மாத லிஸ்ட்டை எழுதிக் கொடுத்து, "அண்ணாச்சி, எல்லாத்துக்கும் வெலை போட்டு வைங்க, சாயந்தரம் வாரேன்" என்று சொல்லுங்கள். விலை எழுதிய சீட்டு கையில் இருந்தால்தான் இன்னொரு கடையோடு ஒப்பிட முடியும். நின்றபடி ஒவ்வொன்றாக விலை கேட்டால் அவருக்கும் சலிப்பு, உங்களுக்கும் மறந்துபோகும். வண்டு விழுந்த பருப்பை மறுநாள் கொண்டுபோனால் முகம் சுளிக்காமல் மாற்றித் தருகிறாரா என்று பாருங்கள். அப்படித் தருபவரிடம் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை. கடன் நோட்டு மட்டும் வேண்டாம். கணக்கு வைத்து வாங்கும்போது விலை கேட்கும் பழக்கம் போய்விடும்.

8. வருஷ சாமான் எப்போது, எப்படிப் பாதுகாப்பது

புளி, மிளகாய் வற்றல், மல்லி, மஞ்சள் எல்லாம் தை பிறந்ததிலிருந்து சித்திரைக்குள் புது வரத்து வரும். வரத்து பெருகும் மாசி, பங்குனியில் விலை விசாரித்து ஆண்டுக்கு வேண்டியதை எடுத்துவிடுங்கள். மிளகாயும் மல்லியும் மாடியில் இரண்டு நாள் நல்ல வெயிலில் காயட்டும். மாவு மில்லில் அரைக்கக் கூலி கிலோ கணக்கு. சாம்பார்ப் பொடி பாக்கெட் வாங்குவதோடு ஒப்பிட்டால் கூலி போகவும் மிஞ்சும். ஆறு மாதத்துக்கு உள்ளதை மட்டும் அரைத்துக்கொண்டு மீதியை முழுசாக வையுங்கள். பொடி சீக்கிரம் மணம் இழக்கும்.

ஈரம் பட்டால் எல்லாம் போச்சு. சென்னைக் காற்றில் உப்பீரம் அதிகம், ஐப்பசி மழைக்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை வெயில் காட்டுங்கள். புளியில் கல்லுப்பு தூவி ஜாடியில் அழுத்தி வையுங்கள், கறுத்தாலும் கெடாது. துவரம்பருப்புக்குக் கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெய் தடவிக் காயவைத்தால் வண்டு வராது. சமைக்கும் முன் வெந்நீரில் அலசிவிடுங்கள். அரிசி மூட்டையில் காய்ந்த வேப்பிலை. ரவையையும் கோதுமை மாவையும் மாத அளவுக்குமேல் வாங்கவே வேண்டாம். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போட்டால் உருளை முளைவிட்டுவிடும். கூடை இரண்டு வையுங்கள், இரண்டையும் ஃப்ரிட்ஜுக்கு வெளியே காற்றாட வையுங்கள்.